வெயிட்

பலகையில் பெயிண்டர் எழுதிய ஆங்கிலம் தப்பு.
எடைக்குரிய வே போட வேண்டிய இடத்தில்
வழிக்குரிய வே போட்டுவிட்டான்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில்
ஒன்பது வருஷமாக நிற்கிறது அந்த வழிப்பாலம்.
அதனால் யாரும் தடம் மாறிப் போனதில்லை.
தேங்காய் லோடு, நார் லோடு, கோழி லோடு
ஏறி நிற்கின்றன, இறங்குகின்றன,
கேரளாவுக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன.

நான் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவள்.
தமிழ் மீடியம், ஆனைமலை.
முதல் மாதம் நான் அடித்த சீட்டுகளில்
எடை இருக்க வேண்டிய இடத்திலெல்லாம்
காத்திரு என்று இருந்ததாம்.
மொத்தக் காத்திரு பதினெட்டாயிரத்து நானூறு.
மீனாட்சிபுரத்தில் அதைப் படித்த அதிகாரி
சொன்னபடி செய்கிறேன் என்று
நார் லோடை மத்தியானம் வரை நிறுத்திவைத்தார்.
ஓனர் நாச்சிமுத்து என் சம்பளத்தில் நூறு பிடித்தார்.

தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே வெயிட்.
ஒரே கொம்பு, ஒரே புள்ளி.
இங்கிலீஷில்தான் எடைக்குள்
ஜி ஒன்று, எச் ஒன்று
வாயே திறக்காமல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன,
தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும் கிளீனர் பையன்கள் மாதிரி.
சத்தம் இல்லை. கனம் உண்டு.

காலி வண்டி எடைக்கு டேர் என்று பெயர்.
சீட்டைக் கிழிப்பதும் அதே டேர்தான்.
டேர் போட்டு, டேர் செய்து,
ஜன்னல் வழியே நீட்டுகிறேன் நாளைக்கு நாற்பது தடவை.
பிரேக் பிடிக்கலைன்னு எழுதிக் குடும்மா என்ற
உடுமலை டிரைவருக்கு
உடைகிற பிரேக்கை எழுதிக் கொடுத்தேன்.
சொன்னதும் யோசித்துவிட்டு,
அதுவும் உடைஞ்சுதான் போச்சு என்றார்.

ஷிஹாபுதீன் கொழிஞ்சாம்பாறைக்காரன்.
காலிக் கோழிக்கூண்டுகளோடு திரும்பி வருவான்.
ஆனி மாத மழையில் ஜன்னலுக்குள் தலையை நீட்டி,
"கஞ்சிக்கோட்டில் நல்லொரு அவசரமாணு,
வருன்னோ?" என்றான்.
பின்னால் ஐந்து வண்டி ஹாரன்.
"எனக்கு ஒரு அவசரமும் இல்லை,
நீங்க வண்டியை நகர்த்துங்க."
அவன் முகம் சுருங்கியதற்கு
மழைதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகையில்தான் தெரிந்தது.
அவன் ஊரில் அவசரம் என்றால் வாய்ப்பு.
இரும்புக் கம்பெனி எடைமேடை,
இந்தச் சம்பளம் மாதிரி இரண்டு மடங்கு, பி.எஃப். உண்டு.
பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நெல்லூர் லாரிக்காரர்
எங்களுக்கு அவசரம்னா தேவை என்றார்,
யாரும் கேட்காமலே.
தேவை இருந்தது. வாய்ப்பு வந்தது.
ஓட்டம் வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன்.

இங்கிலீஷ் குழப்பத்தை
எழுதிப் பார்த்தால் பிரித்துவிடலாம்.
இதை எழுதினாலும் அதே ஐந்து எழுத்து.
எந்த எழுத்தும் ஊமையில்லை,
எதுவும் எச்சரிக்கவில்லை.

நேற்று ராத்திரி அவனிடமிருந்து மெசேஜ்.
அந்த வேலையில் சேர்ந்த ஆள் நின்றுவிட்டானாம்.
இந்தத் தடவை சான்ஸ் என்றே எழுதியிருந்தான்.
பதில் வரும்வரை
வெயிட் செய்கிறானாம்,
உள்ளே ஜியும் எச்சும் போட்டு.
திருத்தலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.
அவன் சொன்னது தப்பா என்று
சட்டென்று தெரியவில்லை.

மேடையில் வண்டி எதுவும் இல்லை,
திரையில் இருபது கிலோ.
எட்டிப் பார்த்தால் செவலை நாய்
பகல் சூடு ஆறாத இரும்பில் சுருண்டிருக்கிறது.
வழக்கமாக விரட்டிவிட்டு
பூஜ்யத்துக்குக் கொண்டுவருவேன்.